தமிழ் வாசிக்க எதை வாங்கலாம்: கிண்டிலா, டேப்லெட்டா, கையிலிருக்கும் போனே போதுமா?

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டிலில் ஆறு அங்குல மாடல் ஒன்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புத்தகத்தை முகத்தருகே பிடித்து வாசிப்பார். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், கண்ணும் கூசாது, இவருக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது என்று நினைத்தேன். தமிழ் மின்னூலகத்திலிருந்து அவர் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த பழைய உரைநூல் ஒன்றை அதில் ஏற்றிக் கையில் கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்துத் திண்ணையிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, இதுல புள்ளியே தெரியலையே."

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். ஸ்கேன் செய்த பக்கம் திரைக்குள் அடங்குவதற்காகச் சுருங்கியிருந்தது. மெய்யெழுத்துகளின் தலையில் இருக்கவேண்டிய புள்ளிகள் பாதி இடங்களில் காணோம். "கற்றான்" என்பது "கறறான" என்று நின்றது. ண எது, ன எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. பெரிதாக்க விரல்களை விரித்தேன். திரை ஒரு நொடி யோசித்து, பக்கத்தின் ஒரு மூலையை மட்டும் காட்டியது. அடுத்த வரிக்குப் போக இடமும் வலமுமாக இழுக்க வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கிண்டிலை உறையில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு அச்சுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

இதில் கருவியின் குற்றம் எதுவும் இல்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் தினமும் நான் வாசிப்பது கிண்டிலில்தான். வேறு எதற்காகவும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். எனக்கு உயிராக இருக்கும் பொருள் அப்பாவுக்குப் பயன்படாமல் போனது ஏன் என்று யோசித்தபோதுதான், வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வியையே நான் கேட்கவில்லை என்று புரிந்தது. எந்தக் கருவி நல்லது என்று தேடித் தேடிப் படித்தேன். நாம் வாசிக்கும் கோப்பு எப்படிப்பட்டது என்று பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்படும் விமர்சனங்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களுக்குத் தேவையும் இல்லை, கடையில் விற்கும் நூல்கள் எல்லாமே ஒரே வகைக் கோப்பாக வந்துவிடுகின்றன. தமிழில் வாசிப்பவர் நிலைமை வேறு.

நம் கைக்கு வரும் மின்னூல்கள் மூன்று வகை. முதலாவது, ஒருங்குறியில், அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோட் முறையில், தட்டச்சு செய்த எழுத்து. அமேசானில் விற்கும் தமிழ் மின்னூல்கள் இந்த வகை. 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்குக் கிண்டில் கடையைத் திறந்த பிறகு இவை பெருகின. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் இந்த வகைதான். முதலில் இணைமதி, பிறகு திஸ்கி என்று குறியாக்கம் மாறி மாறி, இன்று ஒருங்குறியில் கிடைக்கின்றன. விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்து வைத்திருக்கும் நாட்டுடைமை நூல்களையும் இ-பப் என்ற மின்னூல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இந்த வகையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்து அடுத்த வரிக்கு இறங்கும். ஆறு அங்குலமோ பத்து அங்குலமோ, எந்தத் திரைக்கும் வளைந்து கொடுக்கும்.

இரண்டாவது, ஸ்கேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்குமாக 2005இல் தொடங்கிய நூலகம் தளமும் நமக்குக் கொடுத்திருக்கும் பெரும் செல்வம் இந்த வடிவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். கருவிக்கு அதில் எழுத்து எது, கறை எது என்று தெரியாது. பெரிதாக்கினால் படம் முழுவதும் பெரிதாகும், அவ்வளவுதான்.

மூன்றாவது வகை பார்வைக்கு நன்றாக இருந்து ஏமாற்றும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கியவை. திறந்தால் தெளிவான தமிழ். ஆனால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. "தமிழ்" என்று தேடினால் கிடைக்காது. அதைக் கிண்டில் வடிவத்துக்கு மாற்றினால் பக்கம் பக்கமாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். 2000-களில் உருவான சிற்றிதழ்க் கோப்புகள், கல்லூரி மலர்கள் பல இப்படித்தான் இருக்கின்றன. மாற்றாமல் பிடிஎஃப் ஆகவே வாசித்தால் பிரச்சினை இல்லை. அப்போது இதையும் ஸ்கேன் போலவே கணக்கில் வையுங்கள்.

இனி ஒரு சின்னக் கணக்கு. அப்பாவின் கிண்டிலைப் பார்த்த அன்று இரவு அடிஸ்கேலை வைத்து அளந்து போட்டது.

தமிழ்நூல்கள் பெரும்பாலும் டெமி அளவிலோ கிரவுன் அளவிலோ வருகின்றன. டெமி என்றால் ஏறத்தாழ ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். ஆறு அங்குலக் கிண்டில் திரையின் அகலம் 3.6, உயரம் 4.8 அங்குலம். அந்தப் பக்கம் முழுவதும் இதற்குள் அடங்க வேண்டுமானால் 56 சதவீதமாகச் சுருங்க வேண்டும். பதினொரு பாயிண்ட் அளவில் அச்சான எழுத்து ஆறு பாயிண்டுக்கு வந்துவிடும். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கிற அளவு அது. கிண்டிலிலேயே சற்றுப் பெரிய மாடலான ஏழு அங்குலப் பேப்பர்வைட்டில் இது 66 சதவீதம். இளம் கண்ணுக்கு ஓட்டிவிடலாம், அப்பாவுக்கு ஆகாது. பத்தேகால் அங்குல ஐபேடின் திரை 6.1க்கு 8.2 அங்குலம், பக்கம் 96 சதவீத அளவில் தெரியும். பதினொரு அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் டெமி பக்கம் முழு அளவிலேயே அடங்கிவிடும், புத்தகத்தைத் திறந்து வைத்தது போல. எட்டு முக்கால் அங்குல டேப்லெட்டுகள் இடையில் நிற்கின்றன. அவற்றில் 80 சதவீதம் அளவுக்குத் தெரியும்.

போனில்? ஆறரை அங்குலம் என்று பெயர்தான் பெரிது. திரை ஒடுக்கமானது, அகலம் இரண்டே முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. ஸ்கேன் பக்கம் பாதியாகச் சுருங்கிவிடும். ஆனால் போனைப் படுக்கை வசமாகத் திருப்பினால் ஆறு அங்குல அகலம் கிடைக்கிறது. அப்போது எழுத்து அச்சளவைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு வரிதான் கண்ணில் படும். பக்கத்துக்கு மூன்று நான்கு முறை தள்ள வேண்டும். அவசரத்துக்கு ஒரு மேற்கோளைச் சரிபார்க்க இது போதும். முந்நூறு பக்க நூலை இப்படி வாசித்து முடிக்கும் பொறுமை எனக்கு இல்லை.

கிண்டில் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதையும் படுக்கை வசமாகத் திருப்பலாம். ஆறு அங்குலத் திரையிலேயே பக்கத்தின் அகலம் 87 சதவீதத்துக்கு வந்துவிடும், புள்ளிகள் திரும்பிவிடும். ஒரு பக்கத்தை முடிக்க இரண்டு முறைக்குமேல் நகர்த்த வேண்டும், அவ்வளவே. கதை, கட்டுரைக்கு இது நன்றாகவே ஒத்துவரும். அப்பாவுக்கும் அன்றே திருப்பிக் காட்டினேன். ஆனால் அவர் வாசிப்பது உரைநூல். மேலே செய்யுள், நடுவில் பொழிப்பு, கீழே சிறிய எழுத்தில் அடிக்குறிப்பு. கண் மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். பக்கம் முழுதாகத் தெரியாவிட்டால் அந்த வாசிப்பு நடக்காது. கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் ஸ்கேன் பக்கத்தைச் சொல் சொல்லாக வெட்டிச் சிறிய திரைக்கு ஏற்ப அடுக்கித் தரும். படமாகவே வெட்டுவதால் மொழி எதுவானாலும் வேலை செய்கிறது. உரைநடைக்கு நல்ல பலன். செய்யுளில் அடிகள் முறிந்து விழுந்துவிடுகின்றன. வெண்பாவை அப்படி வாசிக்க அப்பா சம்மதிக்கவில்லை, சம்மதிக்க வேண்டியதும் இல்லை.

பழுப்பேறிய தாளை வண்ணத்தில் ஸ்கேன் செய்திருந்தால் இன்னொரு சிக்கல். கறுப்பு-வெள்ளைக் கிண்டில் திரையில் பழுப்பு சாம்பலாகத் தெரியும். சாம்பல்மேல் கறுப்பு எழுத்து எடுபடாது. பிடிஎஃப் திறந்திருக்கும்போது எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டும் வசதி அமைப்புகளில் உண்டு, ஓரளவு உதவும். டேப்லெட்டில் அதே பக்கம் பழுப்பாகவே, பழைய புத்தகமாகவே தெரிகிறது. எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

இப்போது கிண்டிலின் பக்கம் நின்று பேசுகிறேன், மனதார.

என்னிடம் இருப்பது 2021இல் வந்த 6.8 அங்குலப் பேப்பர்வைட். எடை 205 கிராம். காலை எட்டு மணி வண்டியில் ஒரு கை மேலே பிடியைப் பற்றியிருக்கும், மறு கையில் கிண்டில். கட்டை விரலால் திரையின் ஓரத்தைத் தொட்டால் பக்கம் திரும்பும். கிண்டிக்கு முன்னால் வெயில் நேராக ஜன்னல் வழியே விழும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் போனைச் சாய்த்துப் பிடித்து, உள்ளங்கையால் நிழல் கட்டிப் பார்ப்பார்கள். என் திரையில் அந்த நேரத்தில்தான் எழுத்து இன்னும் துலக்கமாகும். காரணம் எளிது. அந்தத் திரைக்குள் முடியளவு பருமனுள்ள நுண்ணிய குமிழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது அடியில் போகும். மேலே வந்த துகள் அங்கேயே நிற்கும். தாளில் மை நிற்பது போல, வெளியே இருந்து படும் வெளிச்சத்தில்தான் நாம் அதைப் பார்க்கிறோம். வெளிச்சம் கூடினால் எழுத்தும் தெளிவாகும். பெரும்பாலும் பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் செலவாவதால் எனக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை சார்ஜ் போட்டால் போதும். இரவில் வாசிக்க ஓரத்தில் இருக்கும் சிறு விளக்குகள் திரையின்மேல் ஒளியைப் பரப்புகின்றன. முகத்தில் அடிப்பதில்லை. மின்வெட்டு நேரத்தில் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு வாசித்திருக்கிறேன். அந்தச் சுகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எடைக்கும் வெயிலுக்கும் அப்பால் இன்னொன்று இருக்கிறது. அதில் வேறு எதுவும் செய்ய முடியாது. செய்தி வந்து விழாது. அலுவலகக் குழுவில் யாராவது என்னைக் குறிப்பிட்டார்களா என்று தெரியாது. நாற்பத்தைந்து நிமிடம் ஒரே நாவலில் இருக்கிறேன். மற்ற எந்தச் சாதனத்திலும் எனக்கு இது வாய்த்ததில்லை.

குறைகளும் உண்டு. தேடுவதும் சொல்லை அழுத்திக் குறிப்பு எடுப்பதும் மெதுவாகத்தான் நடக்கும். பக்கத்தில் சில சமயம் முந்தைய பக்கத்தின் நிழல் லேசாகத் தங்கும். வாங்கும் நூலும் முழுக்க நம்முடையதாகிவிடுவதில்லை. வாசிக்கும் உரிமையைத்தான் பெறுகிறோம். 2009இல் உரிமைச் சிக்கல் வந்தபோது, ஏற்கெனவே விற்ற இரண்டு ஆங்கில நூல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியதும், பிறகு மன்னிப்புக் கேட்டதும் பலருக்கு நினைவிருக்கும். 2025 பிப்ரவரி 26க்குப் பிறகு, வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். நம்மிடம் இருக்கும் இ-பப், பிடிஎஃப் கோப்புகளை அனுப்ப இன்னும் தடையில்லை. 2022 முதல் இ-பப் கோப்பை நேரடியாக அனுப்பலாம். கட்டற்ற தமிழ் மின்னூல்களைத் தன்னார்வலர்கள் வெளியிடும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனிப் பிடிஎஃப் செய்து வைத்திருக்கிறார்கள். சிறிய திரையில் வாசிப்பவரை நினைத்துப் பார்த்துச் செய்த வேலை அது.

டேப்லெட்டுக்கு வருவோம். அப்பாவுக்கு அடுத்த தீபாவளிக்கு வாங்கியது பதினொரு அங்குல ஆண்ட்ராய்டு. அரைக் கிலோ எடை. கையில் பிடித்து வாசிக்கக் கொடுத்தால் கால் மணியில் மணிக்கட்டு வலிக்கிறது என்று இறக்கிவிடுவார். அதனால் பிடிக்கவே விடவில்லை. சாய்வு நாற்காலியின் இரு கைகள்மேல் குறுக்காகப் போடும் எழுத்துப்பலகை ஒன்று வீட்டில் பல வருடமாக இருக்கிறது. அதன்மேல் ஒரு மடக்கு ஸ்டாண்டு, ஸ்டாண்டில் டேப்லெட். உரைநூல் பக்கம் முழுதாக, அச்சளவில் நிற்கிறது. அடிக்குறிப்பை விரித்துப் பார்க்க இரண்டு விரல் போதும், உடனே பெரிதாகிறது. ஓரத்தின் வெற்று வெள்ளையைத் தானே வெட்டிக் காட்டும் வசதி லிப்ரெரா போன்ற செயலிகளில் உண்டு. அதைப் போட்டதும் எழுத்து அச்சளவைவிடவும் பெரிதாகிவிட்டது. அப்பா முதல் நாள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இப்பப் புள்ளி இருக்கு."

இன்னொரு வசதியை நான் எதிர்பார்க்கவில்லை. திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் நூல், மறுபக்கம் அகராதி வைத்துக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. முன்பு அதன் கனமான தொகுதிகளை நூலகத்தில்தான் புரட்டுவார். இப்போது நாற்காலியை விட்டு எழாமல் பார்க்கிறார். சங்கப் பாடல் வாசிப்பவர்கள், ஆய்வு செய்பவர்கள், போட்டித் தேர்வுக்குப் பழைய பாடநூல்களின் பிடிஎஃப் வாசிப்பவர்கள் டேப்லெட்டைத்தான் வாங்க வேண்டும். இதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அதே டேப்லெட்டை என்னிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். இரண்டு பக்கம் வாசித்ததும் யூடியூப். அப்பாவின் டேப்லெட்டில் வாசிப்புச் செயலி, அகராதி, செய்தித்தாள் தவிர எதுவும் போடவில்லை. அறிவிப்புகள் அனைத்தையும் அணைத்து வைத்திருக்கிறேன். அவர் கேட்டதால் அப்படிச் செய்தேன். வெயிலில் திண்ணைக்கு எடுத்துப்போனால் திரை கண்ணாடியாகிவிடுகிறது, அதனால் அவருடைய வாசிப்பு கூடத்துக்குள் வந்துவிட்டது. ஒளிரும் திரையை வெகுநேரம் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து உலர்ந்துபோகும் என்பதால் அம்மா மணிக்கொரு முறை மோர், தண்ணீர் என்று ஏதாவது கொண்டுவந்து எழுப்பிவிடுகிறாள்.

போனைப் பற்றிக் குறைவாகச் சொன்னதால் அதைத் தள்ளிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பணம் செலவழிக்குமுன் ஒரு மாதம் போனிலேயே வாசித்துப் பாருங்கள் என்பேன். கிண்டில் செயலி அதிலும் ஓடும். அங்கே வாங்கிய நூலைப் பிற்பாடு கருவியிலும் திறக்கலாம். தமிழுக்கென்று ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. நம் சொற்கள் நீளம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் அடங்கும். "பார்த்துக்கொண்டிருக்கவேண்டியிருந்தது" மாதிரி ஒன்று வந்தால் ஒரு வரியையே எடுத்துக்கொள்ளும். இருபக்கமும் சமமாக நிறுத்தும் அமைப்பு இருந்தால் சொற்களுக்கிடையே ஓட்டை ஓட்டையாக வெளி விழும். அமைப்பில் இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக நிறுத்தச் சொல்லுங்கள், ஓரத்தின் வெளியைக் குறையுங்கள், வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். வாசிப்பு எவ்வளவோ சீராகிவிடும்.

போனில் கூகுள் லென்ஸ் ஸ்கேன் பக்கத்திலிருந்து தமிழைப் படித்து எழுத்தாக்கித் தரும் என்பதும் இங்கே சேர்த்துச் சொல்லத் தக்கது. டேப்லெட்டில் திறந்த பக்கத்தைப் போனால் படமெடுத்து, நாலு வரியை எழுத்தாக எடுத்துக்கொள்வது இப்போது அப்பாவுக்கே கைவந்துவிட்டது.

கிண்டில்போல மின்தாள் திரை உள்ள பத்து அங்குலக் கருவி இருந்தால் இரண்டும் ஒன்றாகக் கிடைக்குமே என்று கேட்பீர்கள். இருக்கிறது. கிண்டில் ஸ்கிரைப் 2022இல் வந்தது. ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் கருவிகளும் உண்டு. ஸ்கேன் பக்கம் அச்சளவில், கண் கூசாமல், வெயிலிலும் தெரியும். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு நடுத்தர டேப்லெட்டும் அடிப்படைக் கிண்டிலும் சேர்த்து வாங்கிவிடலாம் என்ற அளவில்தான் விலை இருக்கிறது. கறுப்பு-வெள்ளைத் திரையானால் பழுப்புப் பக்கம் அதிலும் சாம்பல்தான். வாசிப்பே தொழிலாக இருப்பவர், மெய்ப்புப் பார்ப்பவர், பக்கத்தின்மேலேயே எழுதிக் குறிப்பெடுப்பவர் யோசிக்கலாம். வீட்டு வாசிப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துணைப்பொருட்களில் எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிண்டிலுக்கு உறை கட்டாயம் வேண்டும், ஏனெனில் மின்தாள் திரை மேலே அழுத்தம் விழுந்தால் உடையும், பையில் சாவிக்கொத்தோடு கிடந்தால் போதும். மூடினால் தூங்கி, திறந்தால் விழிக்கும் காந்த உறை வசதிதான். ஆனால் எடையைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். கனமான உறை போட்டால் 205 கிராம் முந்நூறைத் தாண்டிவிடும், ஒரு கையில் வாசிக்கும் சுகம் போய்விடும். நான் ரயிலில் உறையைக் கழற்றிவிட்டு வாசிக்கிறேன், பையில் வைக்கும்போது துணிப்பைக்குள் இடுகிறேன். கிண்டிலுக்குத் திரைக்காப்புத் தாள் ஒட்ட வேண்டாம். தாள் போலிருக்கும் திரையின்மேல் பளபளப்பை நாமே வாங்கி ஒட்டுவானேன். தனியாகக் கொக்கி விளக்கும் வேண்டாம்.

டேப்லெட்டுக்கு உறையைவிட முதலில் ஸ்டாண்டு வாங்குங்கள். அப்பாவின் வாசிப்பை மாற்றியது அந்த மடக்கு ஸ்டாண்டுதான். அடிப்பாகம் அகலமாக, கனமாக இருக்கட்டும். பெரிதாக்க விரலால் தொடும்போது ஆடக்கூடாது. வெளிச்சம் எதிரொளிக்காமல் இருக்க மங்கல் கண்ணாடி ஒட்டினோம். ஜன்னல் பிம்பம் போனது, ஆனால் எழுத்தின்மேல் மணல் தூவியது போல ஒரு மினுமினுப்பு வந்தது. ஒரு வாரத்தில் உரித்துவிட்டு நாற்காலியை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டோம். ஸ்டைலஸ் அப்பாவுக்கு வேண்டாம் என்று நினைத்தேன், தப்பு. விரல் நுனி உலர்ந்த வயதானவர்களுக்குத் தொடுதிரை சில சமயம் கேட்பதில்லை. ரப்பர் நுனி வைத்த சாதாரணப் பேனாவே போதுமானதாக இருந்தது. ஸ்கேன் கோப்பு ஒன்றே ஐம்பது, நூறு எம்பி வரை போகும் என்பதால் மெமரி கார்டு போடும் இடம் உள்ள டேப்லெட்டாகப் பாருங்கள். கிண்டிலில் கார்டு போட முடியாது; ஒருங்குறி நூல்கள் சிறியவை, அங்கே அந்தக் கவலை எழாது. பழைய கிண்டிலை இரண்டாம் கையாக வாங்கினால் சார்ஜ் துளையைப் பாருங்கள். பேப்பர்வைட்டில் 2021க்கு முந்தியவை மைக்ரோ யூஎஸ்பி. வீட்டில் எல்லாம் டைப்-சி ஆகிவிட்ட பிறகு அந்த ஒரு கேபிளைத் தேடி அலைய நேரும்.

அப்பாவின் ஆறு அங்குலக் கிண்டில் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. அவளுக்கு வேண்டியதெல்லாம் நாவல்கள், எல்லாம் ஒருங்குறியில் வாங்கக் கிடைப்பவை. எழுத்தை ஏழாவது அளவுக்கு வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருக்களித்துப் படுத்து வாசிக்கிறாள். நூற்றைம்பத்து சொச்சம் கிராம்தான், கை தளர்ந்து தூங்கிப்போனாலும் மார்மேல் அப்படியே கிடக்கும்.

நீங்கள் வாங்கக் கிளம்புமுன் கடைசியாக வாசித்த, அடுத்து வாசிக்க வைத்திருக்கும் பத்து நூல்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் அது ஒருங்குறியா, ஸ்கேனா என்று குறியுங்கள். ஏழெட்டு ஒருங்குறி என்றால் அடிப்படைக் கிண்டில் போதும், பெரிய மாடலுக்குப் போக வேண்டாம். பாதிக்குமேல் ஸ்கேன் என்றால் பத்து அங்குலத்துக்குக் குறையாத டேப்லெட். கடைக்குப் போகும்போது அந்த ஸ்கேன்களில் மிகப் பழையது, மிகப் பொடி எழுத்து எதுவோ அதைப் போனில் ஏற்றிக்கொண்டு போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் டேப்லெட்டுக்கு அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள், பெரிதாக்காமல் முழுப் பக்கமாக. அடிக்குறிப்பில் ஏதாவது ஒரு வரியை எடுத்து, கையை நீட்டிய தூரத்தில் வைத்து, மெய்யெழுத்துகளின் புள்ளியை எண்ணுங்கள்.